கையைக் கடிக்காத மண் விஞ்ஞானப் பட்டம்: கொழும்பிலிருந்து தேடுபவர்களுக்கு

பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைத் திறந்து "மண் விஞ்ஞானம்" என்று ஒரு கற்கை நெறியைத் தேடினால் கண்ணில் படாது. "பயிராக்கவியல்" (பயிர்ச்செய்கை பற்றிய விஞ்ஞானம்) என்று தேடினாலும் அப்படித்தான். கொழும்பில் பல பெற்றோர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்து, இந்த நாட்டில் அந்தப் படிப்பே இல்லை என்று முடிவுகட்டி, இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களைத் தேடிப் போகிறார்கள். படிப்பு இருக்கிறது. பெயர்தான் வேறு.

அரச பல்கலைக்கழகங்களில் அதன் பெயர் விவசாயம், அல்லது அதை ஒட்டிய ஒன்று. நான்கு வருடம், எட்டு அரையாண்டு, பாடக் கட்டணம் இல்லை. முதல் வருடங்களில் பயிர், மண், கால்நடை, விவசாயப் பொருளியல், பொறியியல், புள்ளிவிபரவியல், விரிவாக்கம் (விவசாயிகளிடம் அறிவைக் கொண்டுபோவது) என்று எல்லாவற்றையும் எல்லோரும் படிக்க வேண்டும். மண் பிடிக்கும், மாடு பிடிக்காது என்று சொல்லித் தப்ப முடியாது. சிறப்புத் துறையைப் பிரித்துக் கொடுப்பது பின்னைய வருடங்களில்தான். அப்போது மண்ணோ பயிரோ எடுத்தவருக்கும் பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் அந்தப் பொதுப் பெயரே இருக்கும். மண் படித்தவர் என்பதை அவருடைய பாடப் புள்ளிப் பட்டியலும் கடைசி வருட ஆய்வறிக்கையின் தலைப்பும்தான் காட்டும்.

ஆகவே பட்டத்தின் பெயரைத் தேடாமல் பீடத்துக்குள் இருக்கும் துறையைத் தேடுங்கள். பேராதனையிலும் றுகுணுவிலும் மண் விஞ்ஞானத்துக்கென்றே தனித்துறை உண்டு. ரஜரட்டையில் விவசாயப் பொறியியலும் மண் விஞ்ஞானமும் ஒரே துறை. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் மண் பாடங்கள் விவசாய இரசாயனவியல் துறைக்குள் இருக்கின்றன. பெயரில் மண் இல்லை என்பதால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். பயிராக்கவியலுக்கு யாழ்ப்பாணத்தில் அதே பெயரில் துறை இருக்கிறது. பேராதனையிலும் கிழக்கிலும் அது பயிர் விஞ்ஞானத் துறை.

சிறப்புத் துறைக்கான இடங்கள் எல்லையுள்ளவை. கேட்பவர் கூடினால் அதுவரை எடுத்த புள்ளிச் சராசரியே தீர்மானிக்கும். முதல் வருடம் பழகுவதற்கான வருடம் என்று விட்டுவிட்டு, மூன்றாம் வருடத்தில் விரும்பிய துறை கிடைக்கவில்லை என்று வருந்துபவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள்.

உயர்தரத்தில் எதை எடுப்பது

இதைச் சாதாரணதரம் முடிந்த கையோடு தீர்மானிக்க வேண்டும். உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் உயிரியல், இரசாயனவியல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாகப் பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ எடுப்பவர்கள்தான் விவசாய பீடங்களில் பெரும்பாலோர். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவம் போன்ற கதவுகள் மூடிவிடும், விவசாயத்தின் கதவு மூடாது. மண்ணில் நிலைக்க விரும்பும் பிள்ளை பௌதிகவியலைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. மண்ணில் நீர் ஏறுவதும் இறங்குவதும் முழுக்கப் பௌதிகவியல்தான். இரசாயனவியலை எந்தக் காரணத்துக்காகவும் விட வேண்டாம்.

தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் எடுப்பவர்கள் வேறு வாசலால் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது தொழினுட்பவியல் பட்டம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் ஹோமாகம பிட்டிபனையில் இருக்கிறது, அதில் விவசாயத் தொழினுட்பத் துறையும் உண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் செலவு மிகக் குறைவு. ஆனால் விவசாயப் பட்டமும் தொழினுட்பப் பட்டமும் ஒன்றென நினைத்துச் சேரக்கூடாது. அரச வேலைக்கான ஆட்சேர்ப்புத் திட்டங்களில் எந்தப் பட்டம் ஏற்கப்படும் என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். நீங்கள் குறிவைக்கும் பதவியின் பழைய வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இசட் புள்ளியும் கொழும்பு மாவட்டமும்

விஞ்ஞானப் பிரிவுகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இல்லை. இங்கே போட்டியும் அதிகம். உறவினர் பிள்ளை கிளிநொச்சியிலிருந்து எந்தப் புள்ளியோடு விவசாயத்துக்குப் போனது என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. கொழும்பு மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி) கடைசி மூன்று நான்கு வருடங்களுக்கு எடுத்து, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக ஒரு தாளில் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை வருடாவருடம் வெளியிடுகிறது. ஒரு வருடத்துப் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். பரீட்சை கடினமாகவோ இலகுவாகவோ அமைந்தாலும், மற்றக் கற்கை நெறிகளில் இடங்கள் கூடினாலும் அது ஏறி இறங்கும்.

விண்ணப்பத்தில் விருப்பு வரிசை எழுதும்போதுதான் அதிகம் பிழை நடக்கிறது. கற்கை நெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வோர் இணைக்கும் தனிக் குறியீடு உண்டு. சிலர் பேராதனையை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிகளில் விவசாயத்தோடு தொடர்பே இல்லாதவற்றை நிரப்புகிறார்கள். சிலர் "கிடைக்கக்கூடியதை மேலே போடுவோம்" என்று வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். வரிசையில் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாக விழுந்துவிடும். உண்மையாகவே எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதை மேலே போடுங்கள். எட்டாததை மேலே போடுவதால் கீழே உள்ள வாய்ப்புக் குறையாது. விவசாயம்தான் வேண்டும் என்றால் விவசாய பீடங்கள் எல்லாவற்றையும் உங்கள் விருப்பப்படி வரிசையாக எழுதிவிட்டுத்தான் வேறொன்றுக்குப் போக வேண்டும்.

பீடம் எங்கே இருக்கிறது

செலவுக் கணக்கு பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். விவசாய பீடங்கள் பல, பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்தில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றதும் திருநெல்வேலியில் அறை தேடாதீர்கள். விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. றுகுணு என்றால் மாத்தறை வெல்லமடம அல்ல, கம்புறுபிட்டிய மாப்பலான. வயம்ப என்றால் குளியாப்பிட்டி அல்ல, மாகந்துர. ரஜரட்டை என்றால் மிகிந்தலை அல்ல, அனுராதபுரம் புளியங்குளம். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலை, சப்ரகமுவ பெலிகுல்லோயா. கொழும்புக்கு எல்லாவற்றிலும் கிட்ட இருப்பது மாகந்துர. அங்கிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவது சுலபம். அறிவியல்நகரிலிருந்து ஒவ்வொரு வாரமும் வர முடியாது, வரவும் கூடாது. பயணக் காசு விடுதிக் காசை விழுங்கிவிடும்.

மண்ணைப் பார்த்துத் தெரிவதும் ஒரு வழி, இந்தப் படிப்புக்கு அது நியாயமான வழியும்கூட. கொழும்புப் பிள்ளைக்குத் தெரிந்தது செம்பூரான் கல்லும், சதுப்பை நிரப்பிய மண்ணும், முத்துராஜவெலப் பக்கத்துக் கரிய முற்றா நிலக்கரி (பீற்) நிலமும். அனுராதபுரத்திலும் கிளிநொச்சியிலும் கிடைப்பது உலர் வலயத்துச் செங்கபில மண். காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் குழையும், உழவுக்கு இடையில் சில நாட்கள்தான் தரும். ரஜரட்டையில் அதே சரிவில் மேலே செங்கபில மண்ணும், கீழே வயல்பக்கம் நீர் தேங்கும் மண்ணும், அதற்குள் குளத்தொடரும் ஒன்றாகப் படிக்கக் கிடைக்கும். யாழ் குடாநாட்டில் சுண்ணக்கல் மேல் படிந்த செம்மஞ்சள் லற்றசோல், நீர் விரைவாக இறங்கும். போட்ட பசளையும் அதோடு இறங்கிக் கிணற்றுக்குப் போவதால்தான் அங்கே பசளையும் கிணற்று நீரும் ஒரே பிரச்சினையாகிவிடுகின்றன. மன்னார் முருங்கன் பக்கம் போனால் வெடித்துப் பிளக்கும் கருங்களி. மாப்பலானவில் மழையில் கழுவுண்டு அமிலமான செம்மஞ்சள் பொட்சோலிக் மண். மட்டக்களப்புக் கரையில் வெறும் மணல். இலங்கையில் 46 விவசாயச் சூழல் பிரதேசங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நான்கு வருடம் எந்த மண்ணில் நின்று படித்தீர்களோ அந்த மண்ணைத்தான் கை முதலில் அடையாளம் காணும்.

பேராதனையின் துணை வளாகம் மகா இலுப்பள்ளமவில் இருப்பதால், அங்கே சேரும் பிள்ளைகளுக்கு மலைநாட்டோடு உலர் வலயக் கள வேலையும் கிடைக்கிறது. இது பேராதனைக்குப் பெரிய பலம்.

பாடக் கட்டணம் இல்லையென்றால் செலவு எங்கே

தங்குமிடம், சாப்பாடு, பயணம், மடிகணினி, கள உடுப்பு, கடைசி வருட ஆய்வு. விடுதியில் முதல் வருடத்தவருக்கும் கடைசி வருடத்தவருக்கும் பெரும்பாலும் முன்னுரிமை. நடுவில் உள்ள இரண்டு வருடத்துக்கு வெளியில் அறை எடுக்க நேரிடலாம் என்று இப்போதே கணக்கில் சேருங்கள். மாதம் 25,000 ரூபா என்று வைத்தால் 48 மாதத்துக்கு 12 இலட்சம். மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் 7,500 என்று வருடத்துக்குப் பத்து மாதம் கிடைத்தால் 40 மாதத்துக்கு 3 இலட்சம். மிச்சம் 9 இலட்சத்துக்கு வழி வேண்டும். விடுதி கிடைக்கும் வருடங்களில் மாதச் செலவு இறங்கும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடக் குறையும். ஆனால் கூட்டிவைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. மகாபொல கிடைக்காதவர்களுக்கு உதவிக் கொடுப்பனவு உண்டு, அதற்குக் குடும்ப வருமானச் சான்று கிராம அலுவலரிடமிருந்து ஒழுங்காக வர வேண்டும். முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். சேரும் நாளில் குறைந்தது நான்கு மாதச் செலவு கையில் இருக்கட்டும்.

வாங்க வேண்டிய கள உடுப்பில் சப்பாத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முழங்கால் வரை வரும் இறப்பர் பூட்ஸ், நல்ல தொப்பி, ஆய்வுகூட மேலங்கி, பாதுகாப்புக் கண்ணாடி. மண் நிறம் பார்க்கும் மன்செல் நிறப் புத்தகம் விலை கூடியது. அதைத் தனியாக வாங்க வேண்டாம், துறையில் இருக்கும்.

வீட்டிலிருந்தே படிக்க ஒரு வளைந்த வழி

வெளியூர் அனுப்பவே முடியாத குடும்பங்களுக்குக் கொழும்பில் ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர விஞ்ஞான பீடங்களில் இரசாயனவியலோ தாவரவியலோ முக்கிய பாடமாகப் படித்துவிட்டு, பிறகு பேராதனையில் உள்ள விவசாயப் பட்டப்பின் கற்கை நிறுவனத்தில் மண் விஞ்ஞானம் முதுமாணி செய்வது. அந்த நிறுவனம் 1975 இல் தொடங்கப்பட்டது, பட்டப்பின் படிப்புக்குக் கட்டணம் உண்டு. ஆய்வுத் திட்டம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தால் மாதக் கொடுப்பனவோடு படிக்கலாம். மண் ஆய்வுகூட வேலைக்கு இரசாயனவியல் பட்டதாரி தோற்றுப்போக மாட்டார். விவசாயத் திணைக்களத்தில் விவசாய உத்தியோகத்தராக வர வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி உதவாது, அதற்கு விவசாயப் பட்டமே வேண்டும்.

இசட் புள்ளி எட்டாதவர்களுக்கு நாவலத் திறந்த பல்கலைக்கழகத்தில் விவசாய மற்றும் பெருந்தோட்டப் பொறியியல் துறை இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீடு கிடையாது, கட்டணம் பாடம் பாடமாகக் கட்டலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். அதனாலேயே இழுபடும் ஆபத்தும் உண்டு. ஒரு வருடத்தில் எத்தனை பாடம் எடுத்தால் நான்கு ஐந்து வருடத்தில் முடியும் என்று முதல் நாளே தாளில் எழுதிக்கொள்ளாதவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கம்பஹா நைவலவில் உள்ள உயர் தொழினுட்ப நிறுவகத்தில் விவசாய உயர் தேசிய டிப்ளோமா உண்டு. தமிழ் மொழியில் டிப்ளோமா படிக்க வவுனியா, பரந்தன், பாலமுனை விவசாயக் கல்லூரிகளைக் கேட்டுப் பாருங்கள். விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு அந்த டிப்ளோமா மிக நேரான பாதை.

இந்தியாவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால்தான் இந்தியப் படிப்பு மலிவு. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண் பீடம் ஆகியவை தரமானவை. கட்டணம் கட்டிப் போவதென்றால் வெளிநாட்டு மாணவருக்கான தொகையைக் கேட்டுப் பெறுங்கள், உள்ளூர் மாணவர் கட்டணத்தைக் காட்டி முகவர்கள் கணக்குச் சொல்வதுண்டு. எந்த வெளிநாட்டுப் பட்டமானாலும் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். மானியங்கள் ஆணைக்குழு கேட்பது அதைத்தான்.

இணையத்தில் மட்டுமே முடியும் மண் பட்டங்களில் கவனம் தேவை. கையால் மண்ணை உருட்டி இழையமைப்பு (மணலும் களியும் எவ்வளவு என்று) பார்க்காத, குழி வெட்டி மண் பக்கப்பார்வை (மேலிருந்து கீழாக மண் படைகள்) எழுதாத பட்டதாரியை ஆய்வு நிறுவனங்கள் எடுக்கத் தயங்கும். அதற்குப் பதிலாக இலவசப் பாடங்களைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். உணவு விவசாய அமைப்பின் இணையப் பாடங்கள், கரக்பூர் ஐ.ஐ.டி. யின் மண் விஞ்ஞானக் காணொளிகள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் தகவல் தளம் மூன்றுக்கும் காசு இல்லை. தமிழ்நாட்டுச் சொற்கள் மட்டும் கொஞ்சம் தடுக்கும். அவர்கள் உரம் என்பது நமக்குப் பசளை. மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெல்.

தமிழில் உயர்தரம் எடுத்த பிள்ளைக்கு விரிவுரை ஆங்கிலத்தில் வரும்போது முதல் அரையாண்டு கனக்கும். உயர்தர முடிவுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் நீண்ட மாதங்களில் ஒரு கொப்பியில் இரண்டு நிரலாகச் சொற்களை எழுதுங்கள். கற்றயன் மாற்றுக் கொள்ளளவு என்று படித்ததும் கேஷன் எக்ஸ்சேஞ்ச் கபாசிட்டி என்று கேட்பதும் ஒன்றுதான் என்று காது பழக வேண்டும். இருநூறு சொற்கள் போதும்.

கடைசி வருட ஆய்வு

இதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை, ஆனால் நான்கு வருடத்தில் ஒரே தடவையில் பெரிய தொகை போவது இதில்தான். கணக்கைப் பாருங்கள். நான்கு பரிகரிப்பு (ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள்), நான்கு மீளச்செய்கை (ஒவ்வொன்றையும் திரும்பச் செய்யும் தடவைகள்), இரண்டு ஆழம், மூன்று தடவை மாதிரி எடுப்பு என்று திட்டமிட்டால் 96 மாதிரிகள். ஒவ்வொன்றிலும் அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், சேதனக் காபன், கிடைக்கும் பொசுபரசு, மாற்றத்தகு பொற்றாசியம் என்று ஐந்து சோதனை செய்தால் 480. துறையின் ஆய்வுகூடத்தில் இரசாயனம் தீர்ந்து, பாதி வேலையை வெளி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க நேர்ந்தால் மாதிரிக்கு ஒரு விலை கட்ட வேண்டும்.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் மீளச்செய்கையில் கைவைக்காதீர்கள். பரிகரிப்புகளை ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் குலுக்கல் முறையில் வைக்கும் எழுமாற்றுத் தொகுதி அமைப்பில் நான்கு பரிகரிப்பு, நான்கு மீளச்செய்கை என்றால் வழுவுக்கான சுயாதீன அளவு (முடிவை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) 9. மீளச்செய்கையை மூன்றாக்கினால் அது 6 ஆகிவிடும், உண்மையான வித்தியாசத்தைக்கூடப் புள்ளிவிபரம் பிடிக்காமல் போகலாம், ஆய்வே வீணாகலாம். ஆழத்தை ஒன்றாக்கி, தொடக்கத்திலும் அறுவடையிலும் மட்டும் எடுத்தால் 32 மாதிரி, 160 சோதனை. மூன்றில் ஒன்று. மேற்பார்வையாளரிடம் இந்தத் தாளோடு போனால் அவரும் மகிழ்வார்.

மாதிரி எடுப்பில் பிழைத்தால் மறுபடியும் பயணச் செலவு. ஒவ்வொரு பாத்தியிலும் குறுக்கும் மறுக்குமாக 10 முதல் 15 இடத்தில், மேல் 15 சென்ரிமீற்றர் வரை ஒரே ஆழத்தில் எடுத்து, சுத்தமான வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிரான இரண்டு கால்பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும் வரை குறையுங்கள். வரம்பின் ஓரம், பசளை கொட்டிய இடம், மாடு கட்டிய இடம் மூன்றையும் தவிருங்கள். பசளை வந்த பையைக் கழுவி மாதிரிக்குப் பயன்படுத்துவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, பொற்றாசியமும் பொசுபரசும் எகிறிவிடும். நிழலில் காற்றில் உலர்த்துங்கள், அடுப்பில் அல்ல. 2 மில்லிமீற்றர் அரிதட்டால் அரித்து, சேதனக் காபனுக்கு எடுக்கும் பங்கை மட்டும் இன்னும் நுண்மையாக அரைக்க வேண்டும். அந்தச் சோதனையில் செறிந்த சல்பூரிக் அமிலமும் பொற்றாசியம் டைகுரோமேற்றும் சேர்வதால் புகையை உறிஞ்சும் ஆய்வுகூடக் கூண்டுக்குள், கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஒரு தொகுதியாகச் செய்து முடியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மண் இல்லாத வெற்றுச் சோதனை இரண்டு வையுங்கள், இல்லையென்றால் எண்களுக்கு அடி இருக்காது.

பைக்குள் ஈர மண் இருக்கும்போது மையால் எழுதிய பெயர் இரண்டு நாளில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதிய துண்டை சிறிய பொலித்தீனில் சுற்றி உள்ளே ஒன்றும், வெளியே கட்டி இன்னொன்றும் போடுங்கள். பாத்தி இலக்கம், ஆழம், திகதி.